வெள்ளிக்கிழமை என்று சொன்னேன்

சூட்டறையின் கதவைத் திறந்ததும் எனக்குப் பால் சுரந்தது.

இதைப் பத்திரிகையில் எழுதலாமா என்று மூன்று தரம் வெட்டினேன். வெட்டிய பிறகு இந்த அத்தியாயத்தைத் தொடங்க வேறு இடம் கிடைக்கவில்லை. ஆகவே இருக்கட்டும்.

ஓக்லாந்துப் பல்கலைக்கழகத்தின் வைரஸ் ஆய்வுகூடத்தில் அது ஒரு சிறிய அறை. ஜன்னல் கிடையாது. எந்த நேரமும் ஒரே சூடு, மனித உடம்பின் சூடு. தட்டுத் தட்டாகக் கண்ணாடிப் போத்தல்கள் படுத்திருக்கும். ஒவ்வொன்றிலும் இளஞ்சிவப்புத் திரவம். மூலையில் ஒரு சக்கரம் கண்ணாடிக் குழாய்களைச் சுமந்துகொண்டு மெல்லச் சுற்றும். அந்தச் சத்தம் தூங்கும் பிள்ளையின் மூச்சு மாதிரி இருக்கும். "மாதிரி" என்று இப்போது எழுதுகிறேன். அன்றைக்கு மாதிரி என்று தோன்றவில்லை.

என் மகள் அபிக்கு அப்போது ஐந்து மாதம். அவள் சான்ட்ரிங்ஹாமில், பக்கத்து வீட்டு ஜெயா அக்காவிடம் இருந்தாள். பஸ்ஸில் அரை மணி நேரத் தூரம். அது பால் சுரக்கும் வேளையும் அல்ல. வெள்ளை மேலங்கியின் முன்பக்கம் நனைந்ததை, குறிப்புக் கொப்பியை மார்போடு அணைத்து மறைத்தேன்.

அடுத்த நாளும் அப்படித்தான். அதற்கடுத்த நாளும். காலை பதினொரு மணிக்கு நான் அந்த அறைக்குள் போகவேண்டும். பதினொரு மணிக்கு நனைவேன். ஆய்வுகூடத்தின் வேறெந்த அறையிலும் இது நடக்கவில்லை.

ஏனையோர்

வேலை தேடி நான் ஏறி இறங்கிய கந்தோர்களைப் பற்றிச் சென்ற வாரம் எழுதியிருந்தேன். யாழ்ப்பாணத்தில் பெற்ற விலங்கியல் பட்டத்தை இங்கே எங்கு நீட்டினாலும் இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார்கள். அதனால் மறுபடியும் மாணவியாகப் பதிந்தேன்.

அந்த வருடக் கடைசியில் அறிவிப்புப் பலகையில் ஒரு தாள். பல்கலைக்கழகத்தில் குறைந்த தொகையாக இருக்கும் இனங்களைச் சேர்ந்த மாணவர்களுக்குக் கோடை விடுமுறையில் ஆய்வுப் பயிற்சி. இந்த ஊரில் மார்கழிதான் கோடை. மாவோரிகள், பசிபிக் தீவுக்காரர் என்று பட்டியல் போட்டு, கடைசி வரியில் "ஏனையோர்" என்றிருந்தது. நான் அந்த ஏனையோரில் ஒருத்தி.

வைரஸ் பிரிவுக்கு இரண்டு பேர் எடுபட்டோம். மற்றவள் மேரே. வடக்கே கடலோர ஊரொன்றைச் சேர்ந்த மாவோரிப் பெண். என்னைவிட மூன்று வயது இளையவள்; என்னைவிட முப்பது மடங்கு தைரியம்.

எங்களுக்கு வேலை பழக்கியவள் நோலீன். ஆய்வுகூடத்தின் மூத்த உதவியாளர். ஐம்பத்தைந்து வயதிருக்கும். அவள் பேசியது ஆங்கிலம்தான். என் காதில் விழுந்தபடி என் பேச்சில் எழுதுகிறேன்.

"இதுகளுக்குப் பசிச்சால் தண்ணி மஞ்சளாகும். மஞ்சளைக் கண்டால் பழசை ஊத்திப்போட்டுப் புதுசு குடு. சனி ஞாயிறு எண்டு பாக்காத. பசிக்கு லீவில்லை."

வைரஸ் தனியே வளராது. அதற்கு உயிருள்ள கலங்கள், அதாவது செல்கள், வேண்டும். அந்தக் கலங்களைத்தான் போத்தல்களில் வளர்த்தார்கள். எங்கிருந்து எடுக்கிறார்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்காமலே இரண்டாம் நாள் தெரிந்துவிட்டது. மூடி போட்ட ஒரு சில்வர் வாளி, பிரசவ விடுதியிலிருந்து வந்தது. உள்ளே பிள்ளை பிறந்தபின் வரும் இளங்கொடி. அதில் ஒட்டியிருக்கும் மெல்லிய சவ்வை, குழந்தையை நீரோடு பொதிந்து வைத்திருந்த சவ்வை, உரித்தெடுக்க வேண்டும். நனைந்த பட்டுத்துணி போல வரும்.

மேரே வாளியைப் பார்த்தாள். கையுறையைக் கழற்றினாள்.

"இதை ஆரிட்டக் கேட்டு எடுத்தனீங்கள்?"

"ஆஸ்பத்திரியில எரிக்கப்போறதைத்தான் எடுக்கிறம், டியர்."

"நான் கேட்டது அது இல்லை."

"கழுவுறதுக்கு மலை மாதிரிப் போத்தல் கிடக்கு. அங்க போறியா?"

"போறன்."

போனாள். அந்தக் கோடை முழுவதும் போத்தல் கழுவினாள். வீண் பிடிவாதம் என்று நினைத்தேன். இன்னும் உண்மையைச் சொன்னால், எனக்குள் ஒரு சின்னச் சந்தோஷமும் இருந்தது. இரண்டு பேரில் ஒருத்தி குழப்படிக்காரியானால் மற்றவள் நல்ல பிள்ளை. நான் சவ்வை உரித்தேன். கை சுத்தம் என்று நோலீன் மெச்சினாள்.

போத்தலுக்கு வணக்கம்

யாழ்ப்பாணத்தில் எங்கள் விலங்கியல் ஆய்வுகூடத்திலும் ஒரு போத்தல் இருந்தது. பிறக்காத ஆட்டுக்குட்டி, மருந்துத் தண்ணீரில், கண் மூடியபடி. பரீட்சை நாட்களில் நாங்கள் பெண் பிள்ளைகள் எல்லோரும் அதன் முன் ஒரு நிமிடம் நின்று கும்பிட்டுவிட்டுத்தான் உள்ளே போவோம். யார் தொடக்கி வைத்தது என்று தெரியாது. ஒரு முறை விரிவுரையாளர் பார்த்துவிட்டார்.

"பிள்ளையள், அது செத்துப் பன்னிரண்டு வருஷம். உங்களுக்குப் புள்ளி போடுறது நான்."

சிரித்தோம். அடுத்த பரீட்சைக்கும் கும்பிட்டோம். அந்தக் குட்டி செத்தது என்பதில் ஒருவருக்கும் சந்தேகமில்லை. இங்கே போத்தலில் இருந்தவை சாகாதவை. அதற்குரிய மரியாதை என்னவென்று எனக்கு ஒருவரும் பழக்கியிருக்கவில்லை.

பதினான்காம் இலக்கம்

சவ்விலிருந்து எடுக்கும் கலங்கள் ஐந்தாறு கிழமையில் களைத்து உதிர்ந்துவிடும். அதுதான் வழக்கம். ஒன்று மட்டும் உதிரவில்லை. பதினான்காம் இலக்கம். ஒரு போத்தலாக வந்தது, இரண்டாகி, நான்காகி, ஒரு தட்டு முழுவதையும் பிடித்துவிட்டது. நோலீனே அதன் முன்னால் போகும்போது குரலைத் தாழ்த்துவாள்.

"இவ்வளவு காலத்தில இப்பிடி ஒண்டை நான் காணேல்லை. தாறதெல்லாம் குடிக்குது. இன்னும் கேக்குது."

எனக்குத் தந்த வேலை இதுதான்: பதினான்காம் இலக்கத்துக்குள் சின்னமுத்து, அதாவது தட்டம்மை, வைரஸை விட வேண்டும். பிறகு ஒவ்வொரு நாளும் நுண்நோக்கியில் பார்த்து, கலங்கள் எப்படிச் சாகின்றன என்று எழுதவேண்டும். வியாழக்கிழமை தொடங்குவதாக இருந்தது.

அதற்கு முந்திய வாரம் ஒரு நாள் சூட்டறைக்குப் போனேன். பால் சுரக்கவில்லை. ஆறுதலாக இருந்தது, எல்லாம் பதட்டத்தால் வந்தது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். திரும்பும்போதுதான் கண்டேன், பதினான்காம் தட்டு வெறுமையாக இருந்தது. எண்ணிப் பார்ப்பதற்காக நோலீன் எல்லாவற்றையும் பக்கத்து அறைக்குக் கொண்டுபோயிருந்தாள். அவள் அவற்றைத் தள்ளுவண்டியில் வைத்துக் கொண்டுவந்தாள். வண்டி வாசலைத் தாண்டும்போது என் மேலங்கி நனைந்தது.

அன்று பிள்ளையை எடுக்கப் போனபோது ஜெயா அக்கா வாசலிலேயே நின்றார். ஈப்போவிலிருந்து வந்த மலேசியத் தமிழர், கிறிஸ்தவர், வாய் ஓயாதவர்.

"பசியாறியாச்சா? வா, உட்காரு. உன் மவ சுத்தக் கிறுக்கு லா. தினம் பதினோரு மணி ஆனா சுவத்தப் பாத்து சிரிக்குது. நா மூஞ்சிய காட்டினாகூட என்னைப் பாக்க மாட்டேங்குது."

"எந்தச் சுவர் அக்கா?"

"அந்தா, டவுன் பக்கத்துச் சுவரு."

ஒரே சொல்

செவ்வாய்க்கிழமை மத்தியானம் மேரேயும் நானும் வெளியே புல்லில் இருந்து சாப்பிட்டோம். அவளுக்கு என்னோடு கோபமில்லை. அது எனக்கு இன்னும் சங்கடமாக இருந்தது. ஏதாவது கதைக்கவேண்டும் என்பதற்காக, எங்கள் பாசையில் அந்த வாளியில் வருவதற்கு என்ன பெயர் என்று சொன்னேன்.

"எங்கட ஊரில இளங்கொடி எண்டுவம். இந்தியாவில நஞ்சுக்கொடி. நஞ்சு எண்டால் விஷம். வைரஸ் எண்ட சொல்லுக்கும் லத்தீனில விஷம் எண்டுதான் கருத்தாம்."

"பிள்ளைக்குச் சோறு குடுத்ததை விஷம் எண்டா சொல்லுறியள்?" மேரே சிரித்தாள். "எங்களுக்கு அது ஃபெனுவா. நிலத்துக்கும் அதே சொல்தான். நிலத்தில இருந்து வந்தது, நிலத்துக்குப் போகவேணும். இப்ப ஆஸ்பத்திரியில எங்கட தாய்மாரைக் கேக்கத் தொடங்கியிருக்கினம், வீட்ட கொண்டு போறியளோ எண்டு. கேக்கிறது பெரிய காரியம்தான். ஆனால் வெள்ளைக்காரத் தாதிமாருக்கு வாய் வராது. வென்-யூ-ஆ எண்டுவினம்."

பாண் துண்டு என் வாயில் அப்படியே இருந்தது.

அபி பிறந்தது குளிர்காலத்தில், ஒரு செவ்வாய்க்கிழமை. பிரசவம் முடிந்து கண்ணைத் திறக்க முடியாமல் கிடந்தேன். ஒரு தாதி குனிந்து, மிக மரியாதையாக, காதருகே ஏதோ கேட்டாள். கடைசியில் "வென் யூ ஆ ஹோம்" என்று வந்தது எனக்குக் கேட்டது. எப்போது வீட்டுக்குப் போகிறாய் என்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன். என் ஆங்கிலம் அப்போது புத்தக ஆங்கிலம். இந்த நாட்டு வாயிலிருந்து வருவதைப் பாதி ஊகித்துத்தான் பதில் சொல்வேன்.

"வெள்ளிக்கிழமை" என்றேன். "என் கணவர் வந்து கொண்டு போவார்."

அவள் தலையை ஆட்டி, எழுதிக்கொண்டு போனாள். என் நிறத்தைப் பார்த்து மாவோரிப் பெண் என்று நினைத்து, ஃபெனுவாவை வீட்டுக்குக் கொண்டு போகிறாயா என்று கேட்டிருக்கிறாள்.

வெள்ளிக்கிழமை இவர் நண்பர் ஒருவரின் காரில் வந்தார். என்னையும் பிள்ளையையும் கொண்டுபோனார். காரில் ஏறியபிறகு எதையோ விட்டுவிட்டு வருகிறோம் என்று எனக்குத் தோன்றியது. பையைத் திறந்து பார்த்தேன். துணிகள், பவுடர், சீப்பு, எல்லாம் இருந்தன.

பென்சில் குறிப்பு

நோலீனிடம் ஒரு பெரிய கொப்பி இருந்தது. எந்த வாளி எந்த நாள் வந்தது என்றெல்லாம் அதில் இருக்கும். புதன்கிழமை காலை, பதினான்காம் இலக்கத்தின் வயதை அறிக்கைக்காகப் பார்க்கவேண்டும் என்று கேட்டேன். பொய் இல்லை. முழு உண்மையும் இல்லை.

பெண் குழந்தை. செவ்வாய். நான் கிடந்த பிரசவ விடுதியின் இலக்கம். கீழே பென்சிலால்: "தந்தை வெள்ளிக்கிழமை எடுத்துச் செல்வார் என்று தாய் சொன்னார். வரவில்லை. சனிக்கிழமை இங்கே."

"அதுவோ?" நோலீன் என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தாள். "அது நாலு நாள் குளிர்ப்பெட்டியில கிடந்தது. அவ்வளவு நேரம் கிடந்தால் ஒண்டும் வளராது. அண்டைக்கு வேற ஒண்டும் வராதபடியால் சும்மா போட்டுப் பாத்தன். அதுதான் இது. ஆரையோ எதிர்பாத்துக்கொண்டு கிடந்த மாதிரி."

அவள் பகிடியாகத்தான் சொன்னாள்.

ஜெயா அக்காவிடம் பிள்ளையை எடுக்கப் போனபோது, பொதுவாகக் கேட்பதுபோல, மலேசியாவில் இளங்கொடியை என்ன செய்வார்கள் என்று கேட்டேன்.

"நம்மாளுங்க பொதைப்பாங்க. எங்க பக்கத்து வீட்டு மலாய்க்காரம்மா அத புள்ளையோட கூடப்பொறந்ததுன்னே சொல்லும். கழுவி, வெள்ளத்துணியில சுத்தி, தகப்பன் கையால பொதைக்கணும். இல்லன்னா ஒன்ன ஒன்னு தேடுமாம். நீ என்னா செஞ்ச?"

"ஆஸ்பத்திரியில விட்டிட்டன்."

"சரி லா. இங்க எல்லாம் அப்படித்தான்" என்று அவர் பேச்சை மாற்றினார். என் முகத்தில் எதையோ கண்டிருக்கவேண்டும்.

சாப்பிடும்போது இவரிடம் சொன்னேன்.

"இஞ்சேருங்கோ, அது அபியின்ர."

"கலங்கள்" என்றார் இவர்.

"ஓம். கலங்கள்தான்."

"அவள் ஒரு தரம் கொட்டாவி விடேக்க எத்தினை கலம் விழுது? அதுக்கெல்லாம் அழுவீரோ? நீர் விலங்கியல் படிச்சனீர்."

"படிச்சபடியால்தான் சொல்லுறன். விழுறது சாகும். இது சாகேல்லை."

இவர் கோப்பையைத் தள்ளி வைத்தார். "நாளைக்கு முடியாது எண்டு சொன்னால், இந்த இடமும் போகும். பிறகு ஆர் தருவினம்?"

எனக்கும் அதே பயம்தான். சொன்னால் நான் படிப்பில்லாதவள் மாதிரிப் பேசுகிறேன் என்பார்கள். யாழ்ப்பாணப் பட்டத்தை இன்னொரு தரம் திருப்பிப் பார்ப்பார்கள். சொல்லாவிட்டால், என் மகளின் உடம்பில் ஒரு பங்குக்கு என் கையாலேயே சின்னமுத்து கொடுத்து, அது சாகும் விதத்தை அழகான எழுத்தில் எழுதி ஒப்படைப்பேன். அபிக்கு இன்னும் சின்னமுத்து ஊசி போடும் வயது வரவில்லை. அந்தப் பொல்லாத நினைப்பை நினைக்கக்கூடாது என்றே அவளைத் திரும்பத் திரும்பத் தொட்டுப் பார்த்தேன். காய்ச்சல் இல்லை.

யாரைக் கேட்பது

வியாழக்கிழமை வைரஸ் குழாய் பனிக்கட்டிக்குள் தயாராக இருந்தது. நான் மேலங்கியைப் போடாமலே பிரிவின் தலைவர் அறைக்குப் போனேன். டொக்டர் நல்ல மனிதர். அதுவே கடினமாக இருந்தது. பென்சில் குறிப்பையும் நான் பிழையாக விளங்கிய கேள்வியையும் சொன்னேன். பாலைப் பற்றிச் சொல்லவில்லை.

அவர் நோலீனின் கொப்பியை வரவழைத்துப் பார்த்தார்.

"இது நடந்திருக்கக்கூடாது" என்றார். பிறகு, "ஆனால் கண்டிப்பாகச் சொன்னால் இது உங்கட இல்லை. அந்தச் சவ்வு பிள்ளையின்ர பக்கம். பிள்ளையின்ர கலங்கள்."

"அப்ப பிள்ளையைத்தான் கேக்கவேணும்" என்றேன்.

பகிடி என்று நினைத்துச் சிரிக்கத் தொடங்கினார். என்னைப் பார்த்துவிட்டு நிறுத்தினார்.

"உங்களுக்கு என்ன செய்யவேணும்?"

அதை நான் யோசித்திருக்கவில்லை. வைரஸ் விடக்கூடாது என்பதுவரைதான் யோசித்திருந்தேன். கழுவிய போத்தல்களோடு வாசலில் நின்ற மேரேயைத் திரும்பிப் பார்த்தேன். அவளுக்குத் தெரிந்திருக்கும் என்று நம்பினேன்.

"என்னைப் பாக்காத" என்றாள் மேரே, மெதுவாக. "நாங்கள் முடிஞ்சதைத்தான் புதைக்கிறம். இது முடியேல்லை. எங்கட வீட்டில ஒருத்தருக்கும் இப்பிடி ஒண்டைக் கேக்கவேண்டி வரேல்லை."

கடைசியில் நான்தான் சொன்னேன். ஒரே ஒரு குப்பி. அதை உறைய வைக்க வேண்டும். பிள்ளை வளர்ந்து தானே சொல்லும் வரை யாரும் தொடக்கூடாது. மற்றவை வேண்டாம். எந்தப் படிவத்திலும் இதற்கு இடமில்லை என்று டொக்டர் வெள்ளைத் தாளில் எழுதினார். பாதுகாவலர் என்ற இடத்தில் நான் கையெழுத்து வைத்தேன். வருடத்துக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும் என்று அவரே சேர்த்தார்.

விரல் நுனியளவு குப்பி. நோலீன் அதன் வாயை நெருப்பில் உருக்கி மூடி, உறைகுளிரான திரவ நைதரசன் தாங்கிக்குள் இறக்கினாள். மற்றப் போத்தல்களை, கலங்களை அவித்துக் கொல்லும் நீராவிப் பெட்டிக்கு எடுத்துப் போகும்போது என்னை வெளியே நிற்கச் சொன்னாள். நின்றேன். ஒரு தட்டு முழுவதையும் அப்படி அனுப்பியது சரியா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. தெற்கே வேறொரு ஆய்வுகூடத்துக்கு ஏற்கனவே போயிருந்த இரண்டு போத்தல்களைக் கேட்டுக் கடிதம் எழுதினார்கள். "பாவித்து முடிந்தது" என்று ஒரு வரியில் பதில் வந்தது.

அதன்பிறகு சூட்டறையில் எனக்குப் பால் சுரக்கவில்லை. ஒரு கிழமை கழித்து ஜெயா அக்கா சொன்னார்: "இப்பல்லாம் பதினோரு மணிக்கு சிரிக்க மாட்டேங்குது. சுவத்த சும்மா பாக்குது."

வேறு போத்தல்களில் என் வேலையை முடித்து அறிக்கை கொடுத்தேன். அடுத்த கோடைக்கு என்னைக் கூப்பிடவில்லை. இதுதான் காரணமா என்று கேட்கும் தைரியம் இருக்கவில்லை. மேரேயைக் கூப்பிட்டார்கள். அந்த வருடத்திலிருந்து வாளியோடு ஒரு கையெழுத்திட்ட தாளும் வரத் தொடங்கியதாக எழுதியிருந்தாள்.

இந்த வருடம்

வருடா வருடம் தனியாகப் போய்க் கையெழுத்து வைத்துவிட்டு வருவேன். இந்த வருடம் அபி பள்ளிக்கூடம் போகத் தொடங்கிவிட்டாள். அன்று விடுமுறை, விட்டுவிட்டுப் போக ஆளில்லை. கூட்டிப் போனேன்.

"அம்மா ஒரு இடத்தில கையெழுத்து வைக்கவேணும். ஒரு சின்னக் குப்பி இருக்கு. பாத்திட்டு வருவம்" என்று மட்டும்தான் சொல்லியிருந்தேன்.

தாங்கி அவள் உயரம். நோலீன் மூடியைத் தூக்கியதும் வெள்ளைப் புகை வழிந்து எங்கள் கால்களைச் சுற்றிப் பரவியது. குழந்தைகள் அதைக் கண்டால் கை வைக்கப் பார்ப்பார்கள். அபி கையை நீட்டவில்லை. கழுத்தைச் சரித்து, கேட்பது போல நின்றாள். பிறகு ஆங்கிலத்தில் நோலீனைக் கேட்டாள்:

"இவளை யார் பார்த்துக்கொள்றது?"

நான் "அவள்" என்று சொல்லியிருக்கவில்லை. ஒருவரும் சொல்லியிருக்கவில்லை.

"நான்தான், டியர்" என்றாள் நோலீன், திடுக்கிடாமல். "குளிர் குறையாமல் ஒவ்வொரு திங்கட்கிழமையும் நைதரசன் நிரப்புறன். ஒரு திங்களும் விட்டதில்லை."

அபிக்கு அது போதுமாக இருந்தது. படிகளில் குதித்துக் குதித்து இறங்கினாள்.

நான் கையெழுத்து வைத்துக்கொண்டிருந்தபோது, நோலீன் தடித்த கையுறையைக் கழற்றியபடி, வருகிற மார்கழியோடு தனக்கு அறுபது, ஓய்வெடுக்கப் போவதாகச் சொன்னாள். அடுத்து வருபவரிடம் இந்தக் குப்பியைப் பற்றிச் சொல்வாயா என்று கேட்க வாயெடுத்தேன். கீழே அபி என்னைக் கூப்பிட்டாள். வீட்டுக்குப் போகும் பஸ் ஒரு பாலத்தைத் தாண்டிய பிறகுதான், நான் கேட்கவில்லை என்பது நினைவுக்கு வந்தது.